இசபெல்லை நான் தேடிய காரணம்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டது மிகச் சின்ன உதவி. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு அன்று ஸ்தவாங்கரில் உங்கள் வீட்டில் பேர் வைக்கிறீர்கள். ஃபியோனாவின் தகப்பன் டேவிட் ஸ்கொட்லாந்திலிருந்து வருகிறார். அவர்களுடைய பரம்பரையில் இருந்த இசபெல் என்ற பெண்ணின் பேரையே பிள்ளைக்கு வைப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள். "அப்பா, பழைய கோயில் ஏடுகளிலை நீங்கள் இசபெல்லைக் கண்டுபிடிச்ச கதையை ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. நான் மொழிபெயர்த்து வாசிக்கிறன். பிள்ளையின்ரை புத்தகத்திலையும் ஒட்டி வைப்பம்" என்றாய். "ஓம், எழுதலாம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் போய்க் குந்தினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனி என்ன செய்யப் போறியள்?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். உனக்கும் ஃபியோனாவுக்கும் அவளுடைய தகப்பனுக்கும்தான் தெரியாது. உனக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதன் பலன் என் தலையிலேயே இப்படி வந்து விடியும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. மெதுவாகவே வாசி. நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசி.

என் பழைய வேலையைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் எழுதுவினைஞராக இருந்தேன். எந்தக் காணி யாருக்குச் சீதனமாகப் போனது, எந்த வீட்டில் எந்தப் பிள்ளையை உறுதியில் சேர்க்காமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதெல்லாம் என் கைவழியாகத்தான் போகும். பழுப்பேறிய கடதாசியில் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கும் எழுத்தையும் தடக்குப்படாமல் வாசிப்பேன். பிறகு அந்தக் கந்தோரும் போனது, ஊரும் போனது. நோர்வேக்கு வந்து முதலில் வடக்கே ஒரு தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். அதன் பிறகு ஒஸ்லோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முதுகு போகும்வரை தட்டுக் கழுவினேன். அந்தப் பழைய அறிவு மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. இங்கே நம்முடைய ஆட்கள் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. "அண்ணை, அவை எந்தப் பகுதி? உங்களுக்குத் தெரியாமல் இராது" என்பார்கள். பகுதி என்றால் சாதி. அந்தச் சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லமாட்டோம், நாங்கள் அவ்வளவு நாகரிகமானவர்கள். பகலெல்லாம் மற்றவர்கள் தின்ற தட்டைக் கழுவினவனுக்குப் பின்னேரத்தில் அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று உனக்கு விளங்காது. நானும் ஒருநாளும் யாரையும் பற்றிக் கூடாத ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நல்ல சனம், செய்யுங்கோ" என்பேன். அல்லது, "கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கோ" என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கேட்டவர்களுக்கு விளங்கிவிடும்.

அப்படிப்பட்டவனிடம்தான் நீ ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு ஃபியோனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஒஸ்லோவில் வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, ஃபியோனா என்ரை சம்புவர். வேலையிலை சந்திச்சனாங்கள். ஒண்டாய்த்தான் இருக்கிறம், இனிக் கட்டப் போறம்" என்றாய். கலியாணம் கட்டாமல் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு சாதாரணச் சொல் இருக்கிறது. வாடகைக் கடிதத்தில்கூட எழுதலாம். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். எனக்கு வந்தது ஒரு தவிப்பு. லண்டன், கனடா, அவுஸ்திரேலியா, எங்கே எந்தக் குடும்பம் இருந்தாலும் இரண்டு தொலைபேசியில் அவர்களுடைய அடிநுனி எடுத்துவிடுவேன். ஸ்கொட்லாந்தில் நான் யாரிடம் கேட்பேன்? ஊருக்கெல்லாம் விசாரித்துக் கொடுத்தவனுடைய வீட்டுக்கு விசாரிக்காத ஒரு பெண் வரப் போகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் அவளைக் கேட்ட கேள்விகள் உனக்கு ஞாபகம் இருக்கும். தகப்பனுடைய ஊர் எது, தகப்பனுடைய தாய்க்குப் பிறந்த ஊர் எது, அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எந்தக் கோயிலுக்குப் போனார்கள். நம்முடைய பெண் ஒருத்தியாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே உஷாராகியிருப்பாள். ஃபியோனா முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் சொன்னாள். அபர்டீனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கோயிற்பற்றின் பேரைச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, ஒரு துண்டில் எழுதியும் தந்தாள். தன் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாருமே கேட்டதில்லை என்று உன்னிடம் சொன்னாளாம். நீ அதைப் பெருமையோடு என்னிடம் வந்து சொன்னாய். அப்போதே எனக்கு நெஞ்சில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஊர்ப் பேர் கிடைத்துவிட்டது என்ற சந்தோசம்தான் இருந்தது.

ஒஸ்லோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பழைய ஊர்களின் கோயில் ஏடுகளைப் படச்சுருளாக வரவழைத்துப் பார்க்கலாம் என்று நூலகத்தில் ஒருவர் சொன்னார். அங்கே ஓசா என்ற ஒரு வயதான நோர்வேஜியப் பெண்மணி உதவிக்கு இருந்தார். இந்த நாட்டுக்காரருக்குத் தங்கள் வமிசத்தைத் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் ஒரு தமிழன் வந்து ஸ்கொட்லாந்துச் சுருள் கேட்பதை அவர் கண்டிருக்கமாட்டார். "உங்களுக்கு அங்கே யார்?" என்று கேட்டார். "மருமகளின் குடும்பம்" என்றேன். வீட்டில் அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. ஃபியோனாவை நான் முதன்முதலாக மருமகள் என்று சொன்னது, அவளை உன்னிடமிருந்து வெட்டிவிட வழி தேடிப் போன இடத்தில், நோர்வேஜிய மொழியில். ஓசா கோப்பி ஊற்றித் தந்து, "எவ்வளவு அழகான மாமனார்" என்றார். நான் அதையும் குடித்தேன்.

அந்த மாரிக் குளிர் முழுவதும் அங்கே போனேன். முதுகுநோவுக்கு நீச்சல் போகிறேன் என்று உனக்குச் சொன்னதெல்லாம் அதுதான். ஞானஸ்நான ஏடு, கலியாண ஏடு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னுக்குப் போனேன். டேவிட்டின் தாய்வழியில் மீன்பிடிகாரர் என்று கண்டவுடன் என் மூளை அவர்களை ஊரில் ஒரு பெட்டிக்குள் தூக்கிப் போட்டது. வடகடலில் படகோட்டியவனுக்கு யாழ்ப்பாணத்துப் பெட்டி! போட்டவன் யார்? இந்த நாட்டில் மூன்று வருசம் மீன் குடல் உருவிச் சோறு தின்றவன். உடுப்பெல்லாம் மணக்கிறது என்று உன்னைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணி, நீ அழுதுகொண்டு வந்தாயே, அந்த மணம் என்னுடைய மணம். அதெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அம்மாதான் ஒருநாள், "என்னப்பா, வெள்ளைக்காரரிட்டையும் பகுதி பாக்கிறியளோ? உங்களுக்கு விசர்தான்" என்று சிரித்தார். சிரித்தாலும் என்னைத் தடுக்கவில்லை என்று இப்போது அவருக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது.

ஐந்தாம் தலைமுறையில் வழி நின்றுபோனது. அந்த மனிதனுடைய கலியாணம் இருக்கிறது, பிறப்பு இல்லை. தகப்பன் பேர் என்று அவன் வைத்திருந்த பேரில் அந்தக் கோயிற்பற்றில் ஒரு பிள்ளைக்கும் ஞானஸ்நானம் நடக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். உறுதியில் இருக்கவேண்டிய ஒரு பேர் இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று கந்தோரில் படித்தவன் நான். ஓசாவிடம் கேட்டேன். அந்தக் காலத்துக் கோயில்களில் மூப்பர்கள் கூடி ஊராரின் ஒழுக்கத்தை விசாரித்த ஏடு ஒன்று தனியாக இருக்கும் என்றார். அதை வரவழைத்தேன். குற்றம் தேடிப் போகிறவனுக்கு மட்டும் கிடைக்கக்கூடிய இடத்தில் இசபெல் இருந்தாள்.

பண்ணை ஒன்றில் வேலைக்கு நின்ற பெண். கலியாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளை. மூப்பர்கள் மேசையைச் சுற்றியிருந்து அவளைக் கூப்பிட்டு, யார் தகப்பன் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். அவனைக் கூப்பிட்டார்கள், அவன் இல்லையென்று மறுத்தான். திரும்ப அவளைக் கூப்பிட்டார்கள், அவள் அதே பேரைச் சொன்னாள். திரும்பவும் கூப்பிட்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க நிற்கவைத்தார்கள். கடைசியில் அவளே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்திருக்கிறாள். பிள்ளை தாயின் பேரில் பதியப்பட்டது. தகப்பன் என்று அவள் சொன்ன பேரைப் பிள்ளை வளர்ந்து தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பிள்ளையின் வழியில்தான் ஃபியோனா. இதையெல்லாம் வாசித்தபோது உன் அப்பாவுக்கு என்ன வந்தது தெரியுமா? இரக்கம் வரவில்லை. "பிடிச்சிட்டன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஓசா தன் மேசையிலிருந்து கை தட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கறியை இறக்கி வைத்துவிட்டு, "உங்கடை மகன் ஸ்தவாங்கரிலை சம்புவராய் இருக்கிறான். நீங்கள் இருநூறு வருசத்துக்கு முந்தின பெட்டையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு துள்ளுறியள்" என்றார். எனக்குக் கோபம் வந்து சாப்பிடாமல் எழும்பிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கடிதத்தின் காரணம். உன்னிடம் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். நம்முடைய முறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெண் வீட்டில் ஒரு குறை தெரியவந்தால் யாரும் போய் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. எங்களுக்குத் தெரியும் என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்தினால் போதும். மானமுள்ள சனம் தாங்களாகவே ஏதாவது சாட்டுச் சொல்லி விலகிவிடும். ஒருவருக்கும் மனஸ்தாபம் இராது. அப்படித்தான் நான் இசபெல்லின் விசாரணை முழுவதையும் என் நல்ல கையெழுத்தில், உறுதி எழுதும் கவனத்தோடு, ஆங்கிலத்தில் பிரதி எடுத்தேன். தலைமுறை வரிசையையும் எழுதினேன். எங்கள் வழக்கப்படி உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன், கிடைத்ததை இத்துடன் அனுப்புகிறேன் என்று மரியாதையாக இரண்டு வரி சேர்த்து டேவிட்டுக்கு அனுப்பினேன். நீ மகனாகப் பிறந்த வீட்டில் உனக்குத் தெரியாமல் உன் கலியாணத்துக்குக் குழி வெட்டினேன். கை கழுவி, குளித்து, நல்ல பேனையில் அதைச் செய்தேன்.

கடிதம் கிடைத்ததும் டேவிட் எனக்குத் தொலைபேசி எடுத்தார். முதலில் பேச்சே வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வேலை முடிந்துவிட்டது, மனிதன் உடைந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர், "நீங்கள் அவளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்றார். அவருடைய தாய் இந்த ஒரு கண்ணியைத்தான் சாகும்வரை தேடினாராம். ஞானஸ்நான ஏட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமலே போகப் போகிறேன் என்று சொல்லிச் செத்தாராம். முன்பின் காணாத ஒரு மனிதர், தன் மகளுக்காக, வேறு ஒரு நாட்டிலிருந்து இதைச் செய்திருக்கிறாரே என்று அழுதார். சாடை சொல்லும் பாஷை அந்த மனிதருக்குத் தெரியவில்லை. நான் குத்திய ஊசியை அவர் மாலை என்று எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பரவாயில்லை, அது என் கடமை" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். "நன்றியாம்" என்றேன். அம்மா உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் உன் கலியாணத்துக்குச் சம்மதித்தது உனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பா மாறிவிட்டார் என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். நான் மாறவில்லை, எனக்கு எதிர்க்க வழியில்லாமல் போனது, அவ்வளவுதான். கலியாண மண்டபத்தில் டேவிட் எழும்பி, என் கையெழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இசபெல்லின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்து, என்னைக் காட்டி, இந்த மனிதர் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தாயைத் திருப்பித் தந்தார் என்றார். எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். அப்போது எனக்கு வெட்கம் வந்தது உண்மை. ஆனால் என்ன வெட்கம் என்று கேள். எனக்கு முன்னால் மூன்று மேசை நிறைய நம்முடைய ஆட்கள் இருந்தார்கள். தகப்பன் ஏற்றுக்கொள்ளாத வழி என்று இவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனதே என்றுதான் தலை குனிந்தேன். நீ அதை அடக்கம் என்று நினைத்தாய். அந்தக் கலியாணப் படத்தில் என் குனிந்த தலைக்குப் பின்னால் ஃபியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தை அம்மா சுவரில் மாட்டியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

உண்மையான வெட்கம் வந்தது அடுத்த கோடையில். எங்களை ஸ்கொட்லாந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீயும் ஃபியோனாவும் அம்மாவும் கடற்கரைக்குப் போக, டேவிட் என்னை மட்டும் அந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னக் கல் கட்டடம், உள்ளே குளிர். அவர் வாழ்நாள் முழுவதும் மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்தின மனிதர், அதிகம் பேசமாட்டார். இங்கேதான் நின்றிருப்பாள் என்று ஓரிடத்தைக் காட்டினார். பிறகு வாங்குப் பலகையில் என்னோடு குந்தினார். "இசபெல்லைப் பற்றி இப்போது எனக்குத் தெரியும்" என்றார். "இந்த மூப்பர்களைத்தான் எனக்கு விளங்கவில்லை. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள், இல்லையா? தங்களை நல்ல மனிதர்கள் என்றே நினைத்திருப்பார்கள். நீங்கள் அந்த ஏட்டை வரிவரியாக வாசித்தவர். அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று உங்களுக்குத் தோன்றியது?" என்று கேட்டார். என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு மடக்கத் தெரியாது. சாப்பாட்டு மேசையும் ஃபியோனாவின் சிரித்த முகமும் கண்ணுக்குள் வந்தன, தகப்பனுடைய தாய்க்கு எந்த ஊர் என்று கேட்ட என் குரலும் எனக்குக் கேட்டது. "அந்தக் காலம் அப்படி" என்றேன். அந்தக் காலமாம்! சொல்லிவிட்டு வெளியே வந்து, காற்றுக்குக் கண் கலங்குகிறது என்று இன்னொரு பொய்யும் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு முகம் என்னை விடவில்லை. அது ஃபியோனாவின் முகமல்ல. இங்கே ஒஸ்லோவில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் மருந்துக்கடையில் வேலை செய்யும் நம்முடைய பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பேர் எழுதமாட்டேன். முன்பு அவளுக்கு நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிந்து, மண்டபம்கூடப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டார்கள். "கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன். அவர்கள் விலகினார்கள். பெண் வீட்டாருக்கும் உடனே விளங்கியது, ஏனென்றால் அவர்கள் நம்முடைய சனம், எங்கள் சாடை அவர்களுக்குத் தாய்ப்பால். ஃபியோனா தப்பியது என் நல்ல மனத்தால் இல்லை, டேவிட்டுக்கு எங்கள் வழக்கம் தெரியாததால். அந்தப் பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள். பிரஷர் குளிசை எடுக்கப் போனால், "அங்கிள், இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ" என்று அன்பாகச் சொல்லித் தருகிறாள். போய் உண்மையைச் சொல்லிவிடட்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "சொல்லிப்போட்டு நீங்கள் லேசாய் வந்திடுவியள். அதை அவள் ஏன் சுமக்கவேணும்?" என்றார். சில குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்கிற உரிமைகூட இல்லாமல் போய்விடுகிறது, தம்பி. அந்தக் குளிசையை விழுங்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

போன கிழமையும் ஒருவர் லண்டனிலிருந்து எடுத்தார். வழக்கமான கேள்விதான். "தெரியாது" என்றேன். "அண்ணை, உங்களுக்குத் தெரியாமலோ?" என்று சிரித்தார். "தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். பெடியனும் பெட்டையும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புகினமோ எண்டு அவையளைக் கேளுங்கோ" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார். இனி எடுக்கமாட்டார், மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவார். பெரிய மரியாதை ஒன்று போனது, போகட்டும். உன் மகளும் ஒருநாள் வளர்ந்து யாரையாவது வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். அப்போது உனக்கும் ஒரு தவிப்பு வரும், நீ என் பிள்ளைதானே. வந்தவனுக்குப் பசிக்கிறதா என்று கேள். வேறு ஏதும் கேட்க நாக்கு உன்னினால் உன் அப்பாவை நினை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை பிடி. சாடை காட்டாதே. நான் வாயால் ஒரு கூடாத சொல்லும் சொல்லாமலே இவ்வளவையும் செய்தேன்.

இன்று காலை டேவிட்டுக்கு இதே விசயத்தை ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு எழுதிய பிறகு போடலாம் என்று இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும் என்று தெரியும். நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்ற சந்தேகத்தில் அம்மா தபால்பெட்டிவரை கூடவே வந்தார். ஃபியோனாவுக்கு நீ சொல். உனக்குப் பட்ட மாதிரிச் சொல்லாதே, நான் எழுதியபடி சொல். எனக்காக வாதாடாதே. அப்பாவுக்கு வயது போய்விட்டது, அந்தக் காலத்து ஆள் என்று சொல்லிவிடாதே. அந்தச் சாட்டை நான் ஏற்கெனவே ஒரு கோயிலுக்குள் இருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். துடக்குக் கழிவுக்கு அம்மா வருவார், பலகாரமெல்லாம் சுடத் தொடங்கிவிட்டார். நான் வருவதா என்பதை ஃபியோனா சொல்லட்டும். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். அதற்காக உன்னோடு கோபிக்கவும் மாட்டேன். அவளிடம் பிள்ளையைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் ஆசை இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

நீ கேட்ட ஒரு பக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். மொழிபெயர்த்து, பிள்ளையின் புத்தகத்தில் ஒட்டு.

இசபெல் குஞ்சு, உன் பேர் ஸ்கொட்லாந்தில் பண்ணைவேலை செய்த ஒரு பெண்ணின் பேர். கலியாணம் ஆகாமல் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ஊர்ப் பெரியவர்கள் மேசையைச் சுற்றியிருந்து அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். எத்தனை முறை கேட்டாலும் அவள் ஒரே உண்மையைத்தான் சொன்னாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்று அதே ஆட்களிடம் அவளே வந்து கேட்டாள். அந்தப் பிள்ளையின் வழியில் உன் அம்மா வந்தார், நீ வந்தாய். பழைய ஏடுகளில் அவளைக் கண்டுபிடித்தவர் உன் அப்பாவின் தகப்பன், உன் அப்பப்பா. உன் அம்மாவை உன் அப்பா கட்டாமல் தடுப்பதற்காகத்தான் அவர் தேடினார். அவர் நினைத்தது நடக்கவில்லை. நடந்திருந்தால் நீ இல்லை. உனக்குப் பேர் வைத்த அன்று அவர் வந்து உன்னைத் தூக்கினாரா இல்லையா என்பது, இதை எழுதும்போது அவருக்குத் தெரியாது. அதை உன் அம்மாவிடம் கேள்.